லாஜிக் எங்கே இடிக்கிறது?

சென்னையில் நடக்கும் ஒரு க்ரைம் நாவலை நம்மவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: "விறுவிறுப்பு இருக்கு சார். ஆனா லாஜிக் இடிக்குது."

எங்கே இடிக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்திப்பாராவில் நின்றவன் ஆறே காலுக்கு ராயபுரத்தில் எப்படிக் கழுத்தை அறுக்க முடியும்? மவுன்ட் ரோடு என்ன அவனுக்காகக் காலியாக இருந்ததா? வளசரவாக்கத்துக் கொலைக்குத் தேனாம்பேட்டை இன்ஸ்பெக்டர் ஏன் வருகிறார்? ஐந்தாம் அத்தியாயத்தில் நீலமாக இருந்த மாருதி பதினெட்டாம் அத்தியாயத்தில் வெள்ளையானது எப்படி? விடமாட்டார். சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய மூளை. அவர் பழக்கிவிட்டுப் போன கூட்டம் இது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். அத்தனையிலும் கடைசிப் பக்கத்துக்குள் முடிச்சை அவிழ்த்தே ஆகவேண்டும். பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் புத்தகத்துக்கு அவ்வளவு கெடுபிடி.

இதே மனிதர் மறுநாள் காலையில் பேப்பரை விரிக்கிறார். பத்திக்குப் பத்தி இடிக்கிறது. ஒரு சத்தமும் காணோம். டீயை உறிஞ்சிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

சென்னை க்ரைம் நாவல்களில் எனக்கு நம்பிக்கை வராத இடம் கொலை அல்ல, ஸ்டேஷன். கதாநாயகி உள்ளே நுழைகிறாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். அண்ணனைக் காணோம் என்கிறாள். அடுத்த வரியில் எஃப்.ஐ.ஆர்., அதற்கடுத்த வரியில் ஜீப் கிளம்புகிறது. ஜீப்புக்கு டீசலும் இருக்கிறது! செல்போனைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் படியேறியவர்களுக்கு நிஜம் தெரியும். முதல் கேள்வி, "எந்த இடத்துல?" எந்த இடத்தைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அது எங்க லிமிட் இல்லையே." ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். திருடன் நடுரோட்டில் பறித்திருந்தால் தொலைந்தோம். கெஞ்சிக் கூத்தாடினால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. ரசீது நம் பாக்கெட்டில் இருக்கிறது.

ஆக, எழுத்தாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது உண்மை. காவல் துறையை இருப்பதைவிட நல்லதாகக் காட்டுகிறார்கள் என்பதுதான் அந்தப் பொய். அதைப் பற்றி ஒரு வாசகரும் புகார் சொன்னதில்லை.

இனி அரசாங்கம் எழுதிய கதைகளைப் பார்ப்போம்.

2012. சென்னையில் ஒரு தங்க இறக்குமதி நிறுவனத்தில் சி.பி.ஐ. சோதனை போடுகிறது. 400 கிலோவுக்கு மேல் தங்கம் பறிமுதல். அதை எங்கே வைத்தார்கள்? அந்த நிறுவனத்தின் பெட்டகங்களிலேயே வைத்தார்கள். பூட்டி, முத்திரையிட்டு, 72 சாவிகளை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து 2020இல் திறந்தால் உள்ளே 296 கிலோ சொச்சம். 103 கிலோ 864 கிராமைக் காணோம்.

இதுவரை நல்ல நாவல். பூட்டிய அறை மர்மம். கெடுத்தது விளக்கம். பறிமுதல் செய்தபோது மொத்தமாக எடை போட்டார்களாம். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றாக எடை போட்டார்களாம். அதில் வந்த வித்தியாசமாம்! தி.நகரில் கால் பவுன் தோடு வாங்க வந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். கடையை இரண்டாக்கிவிடுவாள். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.என்.பிரகாஷும் கிட்டத்தட்ட அந்தப் பெண் கேட்கக்கூடியதைத்தான் கேட்டார். சில கிராம் குறைந்தால் சரி, லட்சம் கிராம் எப்படிக் குறையும்? எடை குறைய அது என்ன கஞ்சாவா? தமிழக சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கட்டும் என்றார். சி.பி.ஐ. தரப்புக்கு மனவருத்தம். மாநிலப் போலீஸ் எங்களை விசாரித்தால் எங்கள் கௌரவம் என்னாவது? நூறு கிலோ தங்கத்தோடு போகாத கௌரவம், ஒரு எஸ்.பி. விசாரித்தால் போய்விடுமாம்.

கஞ்சாவும் சும்மா எடை குறைவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறது. 2020இல் மெரினா போலீஸார் 22 கிலோ கஞ்சாவுடன் இரண்டு பேரைப் பிடித்தார்கள். வழக்கு முடியும் நேரத்தில் சரக்கு இல்லை. எலி தின்றுவிட்டது என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். 2023 ஜூலையில் இருவரும் விடுதலை. சாட்சிப் பொருள் எலியின் வயிற்றில் இருக்கும்போது எப்படித் தண்டிப்பது? இதற்கு முந்தைய வருஷம் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் எலிகள் 500 கிலோவுக்கு மேல் தின்றதாகப் போலீஸ் கணக்கு கொடுத்தது. அதோடு ஒப்பிட்டால் நம் எலிகள் பத்தியத்தில் இருந்திருக்கின்றன. இதை ஓர் எழுத்தாளர் எழுதியிருந்தால் நம்மவர் கேட்டிருப்பார்: ஒரு எலி ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தின்னும்? தின்றுவிட்டு எங்கே விழுந்து கிடந்தது? ஸ்டேஷனில் இருந்த மற்ற பொருள்களைத் தொடாமல் கஞ்சாவை மட்டும் தேடிப்போய்த் தின்ன அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாவலாசிரியரைத் துளைத்தெடுக்கக்கூடிய கேள்விகள். எலிக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

சேலம் ரயிலையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 2016 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கிக்காக 342 கோடி ரூபாய் ஏற்றிக்கொண்டு போலீஸ் காவலோடு சென்னைக்கு வந்த ரயில். எழும்பூரில் பார்த்தால் கூரையில் ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் போயிருந்தது. திருடர்களைப் பிடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் தண்டனை மூன்றே மாதத்தில் கிடைத்துவிட்டது. நவம்பர் 8 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, அவர்கள் செலவழிக்காமல் வைத்திருந்த ஐந்நூறையும் ஆயிரத்தையும் செல்லாமல் ஆக்கினார். கொள்ளையனைப் பிடிக்க முடியாவிட்டால் நாட்டின் நோட்டையே ஒழித்துவிடுவது! அந்தத் துப்பறியும் உத்தி எந்த நாவலாசிரியருக்கும் தோன்றியதில்லை. என்ன, திருடாத நம்மையும் கூடவே வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை தொலைந்தது பொன்னும் பணமும். இனி உடம்பு.

ரவுடி கைதானால் தமிழ்நாட்டில் இரண்டு படம் வரும். ஒன்றில் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டுவார். அடுத்ததில் கையில் மாவுக்கட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரே வாக்கியம்: தப்பியோட முயன்றபோது தவறி விழுந்ததில் எலும்பு முறிவு. ஓட இடம் இல்லாத சந்தர்ப்பமென்றால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அதே பாத்ரூமுக்கு ரைட்டரும் போகிறார். பாரா நிற்கும் ஏட்டய்யாவும் போகிறார். அவர்கள் யாருக்கும் மாவுக்கட்டு போட்டு நாம் பார்த்ததில்லை. ஆள் பார்த்து வழுக்கும் தரை. ஸ்டேஷன் கழிப்பறைகள் என்ன கைதிகள் மட்டும் வழுக்கி விழும்படியா கட்டப்பட்டிருக்கின்றன என்ற ரீதியில் 2025இல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. நாம் கேட்கவில்லை. மாவுக்கட்டை மீம் ஆக்கினோம். காவல் துறையின் நகைச்சுவைக்கு நம் பங்களிப்பு.

நகைச்சுவையின் மறுபக்கம் சாத்தான்குளம். 2020 ஜூன். ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகத் தகராறு. அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். எஃப்.ஐ.ஆர். என்ன சொன்னது? அவர்களே தரையில் உருண்டு புரண்டார்களாம், அதனால் ஊமைக்காயம் ஏற்பட்டதாம். எழுதியவருக்குக் கை கூசவில்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் கேமரா பதிவைக் கேட்டார். சேமித்துவைக்கத் தாராளமாக இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி கருவியை அமைத்து வைத்திருந்தார்கள். நாவலில் வில்லன் தடயத்தை அழிக்கக் கையுறை போட்டுக்கொண்டு ராத்திரியில் வருவான். இங்கே அழிப்பதற்கு ஆளே வேண்டாம். செட்டிங்கில் வைத்திருக்கிறார்கள்.

அது தென்கோடியில் ஒரு சின்ன ஊர், பெருநகரத்தில் நடக்காது என்று நினைத்தவர்களுக்கு 2022 ஏப்ரலில் பதில் வந்தது. சென்னையில் வாகனச் சோதனையில் பிடித்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் மறுநாள் பிணம். வாந்தி எடுத்தார், வலிப்பு வந்தது என்று சட்டமன்றத்திலேயே வாசிக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் கொலை வழக்கு. வலிப்பு பதின்மூன்று இடத்தில் காயம் உண்டாக்குமா? நாவலாக இருந்திருந்தால் நம் பெட்டிக்கடை வாசகர் கேட்டிருப்பார்.

என்கவுன்ட்டர் இலக்கியத்துக்கு வருவோம். இலக்கியம் என்றுதான் சொல்லவேண்டும். தனி இலக்கணமே இருக்கிறது. நேரம்: அதிகாலை. இடம்: ஒதுக்குப்புறம். காரணம்: மறைத்து வைத்த ஆயுதத்தை எடுத்துக் காட்ட அழைத்துப் போனோம். திருப்பம்: அங்கே மறைத்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் எங்களைச் சுட்டார். முடிவு: தற்காப்புக்காகச் சுட்டோம். பின்குறிப்பு: காவலர் ஒருவருக்குக் காயம். 2024 ஜூலையில் பெரம்பூரில் அரசியல் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை செய்யப்பட்டார். ஒன்பது நாளில் மாதவரம் பக்கம் ஓர் என்கவுன்ட்டர். செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் இன்னும் இரண்டு. எல்லாம் விடியற்காலை. ஒரே கதையைப் பெயர் மாற்றி இத்தனை முறை எழுதினால் பாக்கெட் நாவல் பதிப்பாளர்கூடக் கையெழுத்துப் பிரதியை முகத்தில் எறிவார். ஆயிரத்து ஐந்நூறு எழுதியவருக்கே ஒவ்வொரு தடவையும் புதுக் கதை தேவைப்பட்டது. செய்திக்குறிப்பு எழுதுகிறவருக்குத் தேதியை மாற்றினால் போதும்.

2025 மார்ச் 25 எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அன்று காலை சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு இடத்தில் சங்கிலிப் பறிப்பு. போலீஸார் கேமராக்களைத் தொடர்ந்து போய், விமான நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, கிளம்ப இருந்த விமானத்திலிருந்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். மூன்றாமவன் ரயிலில் சிக்கினான். சொல்லித்தான் ஆகவேண்டும், அற்புதமான வேலை. ஸ்காட்லாந்து யார்டு கதையெல்லாம் கிட்ட நிற்க முடியாது. இதோடு குற்றப்பத்திரிகை, சாட்சி, தண்டனை என்று போயிருந்தால் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பாடமாக வைத்திருக்கலாம். மறுநாள் அதிகாலை தரமணி. பைக்கை மீட்க அழைத்துப் போனார்கள். மறைத்து வைத்த துப்பாக்கி. தற்காப்பு. முதல் பாதியை ஒரு நல்ல எழுத்தாளர் எழுதினார், இரண்டாம் பாதியை அந்தப் பழைய செய்திக்குறிப்பு எழுதியது. கைதியைக் கூட்டிப் போகும் முன் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவராவது தேடிப் பார்க்கமாட்டாரா? போன தடவையும் இப்படித்தானே சுட்டான்? அதற்கு முந்திய தடவையும்? இத்தனை தடவை ஏமாந்த காவல் படை உலகத்திலேயே வேறெங்கும் இருக்காது. ஏமாறுகிறவர்கள் அவர்கள்தானா என்பது வேறு விஷயம்.

நுங்கம்பாக்கத்தை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும். 2016 ஜூன் 24 காலை, வேலைக்குப் போகப் பிளாட்பாரத்தில் நின்ற ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். மாநகரத்தின் நடுவில், தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் ரயில் ஸ்டேஷன். ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் தனியார் மாட்டி வைத்திருந்த கேமராக்களை வைத்து ஆளைத் தேடினார்கள். பிடிபட்ட இளைஞர் புழல் சிறையில் செப்டம்பரில் இறந்தார். மின்கம்பியைப் பல்லால் கடித்து இறந்தார் என்றது சிறைத் துறை. விசாரணையே நடக்காமல் வழக்கு முடிந்தது. அவர் தந்தைக்குப் பத்து லட்சம் இழப்பீடு தரச் சொல்லி மாநில மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது 2022இல். கொன்றது யார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாமலே ஒரு குடும்பம் வாழவேண்டும். செத்தது எப்படி என்று நம்ப முடியாமலே இன்னொரு குடும்பம் வாழவேண்டும். கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு விற்கும் நாவலுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்போம். இதற்கு எங்கே போய்க் கேட்பது?

கேமரா பஞ்சமெல்லாம் பிறகு தீர்ந்துவிட்டது. மூன்றாவது கண் என்று காவல் துறை ஊரெல்லாம் மாட்ட வைத்தது. 2020இல் ஒரு தனியார் கணக்கெடுப்பு, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னையை உலகத்திலேயே முதலிடத்தில் வைத்தது. நீங்கள் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை தின்றீர்கள் என்று சொல்லிவிடலாம். தெரியாமல் இருப்பது ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. வாசல், வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை, எதையும் விடாதே, குரலும் பதிவாகவேண்டும், குறைந்தது ஒரு வருஷம் அழிக்காதே. ஐந்து வருஷம் ஓடியது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், காவல் நிலையக் கேமராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று தானாகவே வழக்கை எடுத்து மறுபடி விசாரிக்க வேண்டியிருந்தது. நம் தெருவில் இருக்கும் மூன்றாவது கண் இமைப்பதே இல்லை. ஸ்டேஷனில் இருப்பதற்கு எப்போதும் கண்வலி.

இவ்வளவு கதைகளும் ஓடுவதற்கு எழுதுகிறவர்கள் மட்டும் காரணமில்லை. வாங்குகிறவர்களும் இருக்கிறோம். என்கவுன்ட்டர் செய்தி வந்தால் நம்மவர் என்ன சொல்கிறார்? "சரியான ஆளைத்தான் போட்டிருக்காங்க." கத்திப்பாராவிலிருந்து ராயபுரம் போக எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டவர்தான். அவருக்கு இப்போது கணக்கு வேண்டாம். சினிமா தியேட்டரில் விசிலடித்துப் பழகிய வாய்க்குக் கேள்வி வராது.

ஹைதராபாத்தில் 2019 டிசம்பர் 6 அன்று அந்த விசிலின் உச்சத்தைப் பார்த்தோம். ஒரு பெண் மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை விடியற்காலையில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். நான்கு பேரும் காலி. ஜனங்கள் போலீஸார் மீது பூ தூவினார்கள். பட்டாசு வெடித்தார்கள். தூவிய பூவில் பாதியை நம் காதில் சுற்றிக்கொண்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையம் ஒன்று, ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில், நம் நாவல் வாசகர் கேட்கும் கேள்விகளையே வரிசையாகக் கேட்டது. எப்படிப் பறித்தான்? யார் எங்கே நின்றது? யார் சுட்டதில் யார் விழுந்தது? 2022 மேயில் அறிக்கை வெளியானது. போலீஸ் சொன்ன கதை ஜோடிக்கப்பட்டது, நம்பத் தக்கதல்ல என்றது. பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. 2024இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் அந்த அறிக்கை மீதான நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அறிக்கை 387 பக்கம். பாக்கெட் நாவலைவிடக் கொஞ்சம் தடிமன், விலை கிடையாது. பூ தூவியவர்களில் ஒருவர்கூடப் புரட்டிப் பார்த்து லாஜிக் இடிக்கிறதா என்று சொன்னதாகத் தெரியவில்லை.